நான்தான் பிரான்ஸ்

பிரெஞ்சு வகுப்பில் துணை ஆசிரியை என்றால் ஏதோ கௌரவமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இலக்கணத்தையும் கரும்பலகையையும் எங்கள் தலைமை ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுகிறவர், வைத்துக்கொள்வார், மிச்சமுள்ள பிரான்ஸ் தேசம் முழுவதும் என் தலையில்.

எங்கள் வகுப்பு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியோரம் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நடக்கிறது. அதன் மூலையில் ஒரு சின்ன மேசை, எதிரெதிரே இரண்டு கதிரைகள். பேச்சுப் பரீட்சைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்கு எதிரே உட்காருவார்கள். நான் பேக்கரியில் பாண் விற்பவளாக, வீடு வாடகைக்கு விடுபவளாக, டொக்டராக, தபால் கந்தோர் அம்மாவாக மாறி மாறி நடிக்கவேண்டும். காலை எட்டரைக்குப் பாண் விற்கத் தொடங்கினால் பின்னேரம் நாலரைக்குத்தான் கடையைப் பூட்டலாம். வளர்ந்த மனிதர்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்களும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

குளிர் எப்படி?

நான் பிரெஞ்சு படித்தது பல்கலைக்கழகத்தில். பிரான்சுக்குப் போனதில்லை. பிளேனையே அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன். இது தெரியாமல் புதிதாக வருகிற எல்லோரும் முதல்நாள் கேட்கிற முதல் கேள்வி, "அங்கை குளிர் எப்பிடி மிஸ்?" என்பதுதான். போகவில்லை என்று உண்மையைச் சொன்னால் முகம் விழுந்துவிடும். ஒருவர் மறுபேச்சில்லாமல் கதிரையைத் தூக்கிக்கொண்டு சேரின் பக்கம் போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேரிடம் போய் முறையிட்டேன். சேர் பாரிஸில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, போதும் என்று கொக்குவிலுக்குத் திரும்பி வந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்ததும் சொன்னார்: "பேசாமல் இரும் பிள்ளை. நீர் போகாத ஆள், உமக்கு ஒரு கேள்வி. நான் போயிட்டுத் திரும்பி வந்தனான், ஏன் வந்தனீங்கள் எண்டு பதினொரு வருசமாய் ஊரே கேட்டுக்கொண்டிருக்குது."

வேண்டாம் என்கிற மெற்றில்டா அக்கா

மெற்றில்டா அக்கா குருநகரைச் சேர்ந்தவர். கணவர் பிரான்சுக்குப் போய் ஏழு வருடம். போகும்போது மகள் ஷெரின் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போதுதான் அவருக்கு அங்கே எல்லா அலுவலும் சரிவந்து, மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட்டிருக்கிறார். அங்குள்ள அவருடைய சட்டத்தரணி, அக்கா ஒரு பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணின சான்றிதழும் சேர்த்து அனுப்பவேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா இரண்டு முறை எழுதினார், இரண்டு முறையும் பெயில். மூன்றாம் முறையும் தவறினால் எல்லாக் கடுதாசியும் முதலில் இருந்து போடவேண்டும். அதற்கு இன்னும் எத்தனை வருடம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

விசித்திரம் என்னவென்றால் எழுத்தில் அவரை மடக்கவே முடியாது. விழுந்தது பேச்சில் மட்டும். ஏன் என்று பார்க்க எதிரே உட்காரவைத்தேன். நான் வீட்டுக்காரி, அவர் என்னைப் பார்க்க வந்த சிநேகிதி. "கோப்பி குடிக்கிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். "நொன், மெர்சி", வேண்டாம், நன்றி, என்றார். தேத்தண்ணி? நொன், மெர்சி. கேக்? நொன், மெர்சி. தண்ணீராவது? அதற்கும் நொன், மெர்சி, கூடவே ஒரு அடக்கமான சிரிப்பு. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. உண்மையில் அவர் வாங்கிக் குடிக்கவேண்டும், சீனி கேட்கவேண்டும், வீடு வடிவாயிருக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லவேண்டும். அதற்குத்தான் பரீட்சையில் புள்ளி. இரண்டு பரீட்சையிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது.

நான் பொறுமையாக விளங்கப்படுத்தினேன். பிரெஞ்சுக்காரர் ஒருமுறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். கெட்ட மனம் இல்லை, நாங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே கேட்டவுடன் ஓம் சொல்லுங்கள் என்றேன். அக்கா திடுக்கிட்டுப் போனார்.

"கேட்ட உடனை ஓமெண்டால், காணாததைக் கண்டவள் எண்டெல்லோ நினைப்பினம் மிஸ்?"

தக்காளி வாங்குதல்

சிவலிங்கம் அண்ணை கொடிகாமத்தில் மரக்கறி வியாபாரம் செய்கிறவர். பாரிஸில் இருக்கும் மகனிடம் மூன்று மாதம் போய் நிற்கப்போகிறார். பரீட்சை ஒன்றும் கட்டாயம் இல்லை, ஆனால் மகனுக்குப் பின்னால் வாய்பேசாமல் திரிய அவருக்கு விருப்பமில்லை. அவருக்கு நான் கொடுத்த பாடம், கடையில் தக்காளி வாங்குவது. நான் கடைக்காரி. தக்காளிப் படம் போட்ட அட்டையை நீட்டினேன்.

வணக்கம் எல்லாம் வடிவாகச் சொன்னார். பிறகு அட்டையை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எப்போது பறித்தது என்று பிரெஞ்சில் கேட்டார். இந்தக் கேள்வி என் தாளில் இல்லை. இன்று காலை என்று சமாளித்தேன். இல்லை, மூன்று நாளாகிவிட்டது என்று விரலைக் காட்டினார். எழும்பி வந்து என் கதிரையில் உட்கார்ந்து, என்னை அவருடைய கதிரைக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் நான் தக்காளியும் கத்தரிக்காயும், கேட்காமலே ஒரு பூசணிக்காயும் வாங்கியிருந்தேன். அண்ணை, பரீட்சைக்குப் போனால் நீங்கள்தான் வாங்கவேண்டும் என்று நினைவூட்டினேன்.

"வாங்கிற பக்கம் இருந்து எனக்குப் பழக்கமில்லை மிஸ். பரீட்சை வைக்க வாற பிரெஞ்சு அம்மாவை வாங்கச் சொல்லுங்கோ, நான் நல்லதாய்ப் பாத்துக் குடுக்கிறன்."

பின்னால் சூடு!

தர்சிகா மெல்லிய குரல்காரி. தமிழில் அவள் ஏதாவது சொன்னால் நாங்கள் குனிந்து காதைக் கொடுக்கவேண்டும். அவள் பிரெஞ்சில் வாயைத் திறந்த அன்று பின்வரிசை வாங்கில் இருந்தவர்களின் பேனைகள் கீழே விழுந்தன. என்னை வீட்டுக்குள் வரச்சொல்லிக் கூப்பிடும்படி சொன்னேன். "கெதியாய்! பின்னாலை சூடு!" என்று பிரெஞ்சில் ஒரு அதட்டல். நேரத்தைக் கேட்கச் சொன்னேன். "இரண்டு தட்டு, உடனை!" என்றாள். பிழையே இல்லாத உச்சரிப்பு. வீட்டுக்குத்தான் பொருந்தாது.

விசாரித்ததில் விசயம் வெளியே வந்தது. அவளுக்குப் பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளை பாரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறார்; சூடான சட்டியோடு பின்னால் போகிறவர்கள் அங்கே அப்படித்தான் கத்துவார்களாம். தினமும் போனில் அவர்தான் அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாராம். வீடியோ அழைப்பில் அவரை எடுத்துத் தரச்சொல்லி, தம்பி, நீங்கள் அவளோடு கதையுங்கள், படிப்பை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். அவருக்குப் பின்னால் ஒரே ஆவியும் சட்டிச் சத்தமும். ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

"மிஸ், பன்னிரண்டு வருசமாய் நான் உந்தப் பிரெஞ்சிலைதான் சீவிக்கிறன். வேறை ஒருத்தரும் என்னோடை பிரெஞ்சிலை கதைச்சதில்லையே."

கேள்வி கேட்கும் பகுதி

பரீட்சையில் ஒரு பகுதி இருக்கிறது. ஒரு சொல் எழுதிய அட்டையை எடுத்து, அதை வைத்துப் பரீட்சகரிடம் கேள்வி கேட்கவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதில் வாய் வராது. படிப்பிக்கிறவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்பதா என்ற தயக்கம். இணுவில் பாக்கியம் அக்காவுக்கு மட்டும் தயக்கம் என்பதே கிடையாது. 'குடும்பம்' என்ற அட்டை வந்தது. எத்தனை சகோதரம், மூத்தவ கலியாணம் கட்டிவிட்டாவா, அப்பா என்ன வேலை, சொந்த வீடா, எந்த ஊர், எந்தப் பக்கம் என்று பிசகில்லாத பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே போனார். நானும் கடமை தவறாமல் எல்லாவற்றுக்கும் முழு வசனத்தில் பதில் சொன்னேன். சந்தோசத்தில் முழுப்புள்ளியும் போட்டேன். அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, தமிழுக்குத் திரும்பினார்.

"சும்மா கேக்கேல்லை மிஸ். என்ரை தம்பி லியோனிலை இருக்கிறான், நல்ல பிள்ளை. நாளைக்கு உங்கடை சாதகக் குறிப்பைக் கொண்டுவாங்கோ."

குருநகரில் ஒரு பின்னேரம்

பரீட்சைக்கு ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது மெற்றில்டா அக்கா வகுப்புக்கு வரவில்லை. ஷெரினுக்குக் காய்ச்சலும் இருமலும். எனக்கு மனம் கேட்கவில்லை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. ஷெரின் மேசையடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தன் உயரம் தெரியாது என்றாள். போனில் முகம்தானே தெரியும், போய் நேரே நின்றால்தான் அப்பா கண்டுபிடிப்பார் என்றாள். இந்தப் பிள்ளை தகப்பனுக்கு முன்னால் போய் நிற்பது, தாய் ஒரு கோப்பிக்கு ஓம் சொல்வதில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த ஓமைச் சொல்லவைக்க வேண்டியவள் நான்.

அதற்குள் அக்கா ஒரு தட்டில் றோல்சும் சோடாவும் கொண்டுவந்து வைத்தார். "வேண்டாமக்கா, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றேன். மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை என்பது வேறு கதை. கொஞ்சம் எண்டாலும் எடுங்கோ என்றார். ஐயோ, கரைச்சல் படாதேங்கோ என்றேன். மூன்றாம் தரம் கிளாசைக் கையிலேயே திணித்தார். அதன்பிறகுதான் குடித்தேன். ஷெரின் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஒருக்கால் கேட்டாலே ஓம் சொல்லோணும் எண்டு அம்மாவுக்குப் படிப்பிச்சது நீங்கள்தானே?"

மூன்றாம் முறை

பரீட்சை யாழ்ப்பாணம் டவுனில் ஒரு மண்டபத்தில். கொழும்பிலிருந்து ஒரு பிரெஞ்சு அம்மா வந்திருந்தார். காலையிலிருந்து ஆள் மாறி ஆளாக அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். மண்டபத்தில் மின்விசிறி சத்தம் போட்டதே ஒழியக் காற்று வரவில்லை. மெற்றில்டா அக்கா உள்ளே போனார். நான் வெளியே வேம்புக்குக் கீழே நின்றேன். பத்து நிமிடத்தில் வரவேண்டியவர், இருபது நிமிடமாகியும் வரவில்லை. வந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"எல்லாம் பிழைச்சுப்போச்சு மிஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தது இதுதான். அதே சிநேகிதி வீட்டுப் பாடம்தான் வந்திருக்கிறது. கோப்பி என்றதும் உடனே ஓம் சொல்லியிருக்கிறார். கேக்குக்கும் ஓம். அடுத்த கேள்வியின் நடுவில் அந்த அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. குரல் கட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, பேச முடியவில்லை. மேசையில் இருந்த போத்தலும் காலி. அக்கா பரீட்சையை மறந்துவிட்டார். பையிலிருந்து திறக்காத தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டியிருக்கிறார். அந்த அம்மா சொன்னது, "நொன், மெர்சி."

குருநகரில் யாராவது அதை அப்படியே விட்டுவிடுவார்களா? கொஞ்சம் குடியுங்கள் என்றிருக்கிறார் அக்கா. வேண்டாம் என்றாராம். வெயில் கடுமை, காலையிலிருந்து நீங்கள் ஓயாமல் கதைக்கிறீர்கள், எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் போன கிழமை இப்படித்தான் இருமியது, எங்கள் வீட்டில் ஒருவரையும் வறண்ட தொண்டையோடு போகவிடமாட்டோம் என்று, எல்லாம் பிரெஞ்சில், மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறார். அவர் பதில் சொல்லுமுன் தானே மூடியைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்திருக்கிறார். அந்த அம்மா பாதிப் போத்தலைக் குடித்தாராம். பிறகு மகளுக்கு எத்தனை வயது என்று அவர் கேட்க, கதை எங்கெங்கோ போயிருக்கிறது. அடுத்த ஆள் வந்து கதவைத் தட்டும்வரை இருவரும் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பரீட்சை வைக்கிற ஒருவரைத் தான் வற்புறுத்திவிட்டதாகவும், இதற்கு நிச்சயம் பெயில்தான் என்றும் அக்கா அழுதார்.

ஒரு வருடமாக அந்த மூலையில் நான் கேட்ட பிரெஞ்சைவிட அவர் அன்று பேசியது அதிகம். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே என்று எனக்கும் பயம்தான். மூன்று கிழமை இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. முடிவு வந்தபோது எங்கள் வகுப்பிலேயே பேச்சில் ஆகக்கூடிய புள்ளி மெற்றில்டா அக்காவுக்கு. புடவைக்கடைப் படியில் உட்கார்ந்து, சேலை வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க நான் அழுதேன். அக்கா அழவில்லை. ஷெரினின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர், எனக்கு முன்னால் நின்று, முதல்தடவையாக ஒரு வாத்தியார் தோரணையில் சொன்னார்:

"நீங்கள் படிப்பிச்சது பிழை மிஸ். அவையும் மூண்டாந்தரம் கேட்டால் வாங்கிக் குடிக்கினம்."

இந்தத் தொழிலில் ஒழுங்காகப் படிப்பித்தால் ஆட்கள் நாட்டைவிட்டே போய்விடுகிறார்கள், பிழையாகப் படிப்பித்தாலும் போய்விடுகிறார்கள் என்பதுதான் நான் இதுவரை கண்டது.