ஏழாம் தொட்டிக்குப் போற வழி

எங்க அக்கா சந்தேகத்தோடவே பிறந்தவ. வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போவா, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாப்பா. மாமா பாவம், தெருமுனையிலேயே நின்னு பேப்பர் படிக்கப் பழகிட்டார்.

நான் தொட்டி கழுவுற சாய ஆலையிலதான் அவளுக்கும் வேலை. கம்ப்யூட்டர்ல உக்காந்து வழி எழுதுறா. ஆலையில இருக்கிற ஒவ்வொரு வால்வும் மென்பொருளுக்குள்ள ஒரு புள்ளி. அதோட நிலைமை திரையில தெரியணும்னா, எதெது வழியாப் போகணும்னு பேர் பேரா எழுதணும்: ஆலை, கூடம், தொட்டி, வால்வு.

"வழி எங்கயும் போய்ச் சேரலைன்னா சிவப்பாக் காட்டிடும். தப்பான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டா சத்தமே வராதுடா. அதுதான் எனக்குப் பயம்"ம்பா. உனக்கு வேற வேலை இல்லைம்பேன்.

அன்னிக்குக் காலையில ஏழாம் தொட்டியைக் கழுவ நான் உள்ள இறங்கணும்; அது அக்காவுக்கும் தெரியும். கொதிதண்ணி வால்வு மூடியிருக்குன்னு திரையில பச்சை. வால்வு தொட்டிக்குப் பின்பக்கம் இருக்கு; திரையை நம்பி அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பாக்குறதில்ல. இறங்கலாம்னு மேற்பார்வையாளர் அனுமதிச் சீட்டுல கையெழுத்துப் போட்டார். ஒரு காலை உள்ள வெச்சேன், போன் அடிச்சுது. அக்கா. கட் பண்ணினேன். மறுபடி அடிச்சா, மறுபடி கட். மூணாவது தடவை எடுத்தேன்.

"உள்ள போகாத. இறங்கியிருந்தா உடனே ஏறிடு. நான் வர்றேன்."

மூச்சிரைக்க வந்தா. நேத்து ஆறாம் தொட்டியோட வழியைக் காப்பி பண்ணித்தான் ஏழுக்கு எழுதினாளாம். தலைப்பை மாத்தினது ஞாபகம் இருக்கு, வழி நடுவுல வர்ற தொட்டி நம்பர் ஆறை ஏழா மாத்தினோமான்னு சந்தேகம். டீயைக் கையில எடுத்தவ, குடிக்காமலே எழுந்து போய்ப் பாத்திருக்கா. மாத்தலை.

"பச்சையாத்தானேம்மா இருக்கு," மேற்பார்வையாளர் முணுமுணுத்தார்.

"அது ஆறோட பச்சை சார்."

மூணு பேரும் பின்பக்கம் போனோம். கைப்பிடி குழாயோட நீளவாக்குல கிடந்தது. அப்படிக் கிடந்தா வால்வு முழுசாத் திறந்திருக்குன்னு அர்த்தம். பாத்துக்கிட்டு இருக்கும்போதே மணி பத்தாச்சு, அந்த நேரத்துக்குன்னு வெச்சிருந்த பம்பு தானா ஓட ஆரம்பிச்சுது. கொதிதண்ணி தொட்டிக்குள்ள கொட்ட, நான் இறங்க இருந்த வாய் வழியா ஆவி குபுகுபுன்னு வந்தது.

அக்கா தரையிலேயே உக்காந்துட்டா. "நான் எழுதினதுடா. என் கையாலயே உன்னை..."

மேலதிகாரிகிட்ட அவளே போய்ச் சொன்னா. அப்புறம் நாப்பது தொட்டிக்கும் நடந்து, வால்வையும் திரையையும் ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்தா. கூப்பிடாமலே நானும் கூட நடந்தேன்.

சாயங்காலம் கேட் கிட்ட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லவேளை, போனை எடுத்தியே"ன்னா.

ம்னு சொன்னேன். அவளைத் திட்டுறதுக்குத்தான் எடுத்தேன்னு இன்னி வரைக்கும் சொல்லலை.