கடலைக்கு இங்கிலீஷில் என்ன?

நாலாம் வகுப்பில் என்னை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிய வருஷம், நான் என் அம்மாவுக்கு டீச்சரானேன்.

அம்மா ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பரிமாறும் வேலை பார்த்தாள். அப்பா பர்கூர்ப் பக்கம் கிரானைட் குவாரியில் இருந்தார்; ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். கம்பெனியைப் பார்வையிட வெளிநாட்டிலிருந்து சிலர் வருவதாகவும், அந்த ஒரு வாரம் விருந்தினர் ஹாலில் அம்மாதான் பரிமாற வேண்டும் என்றும் மேனேஜர் சொல்லிவிட்டார். சமாளித்துவிட்டால் அங்கேயே நிரந்தரம். ஆயிரம் பேருக்குச் சாம்பார் வாளி தூக்க வேண்டாம்.

வீட்டு ஓனரிடம் தெலுங்கிலும் காய்கறிக்காரியிடம் கன்னடத்திலும் மூச்சுவிடாமல் சண்டை போடுகிற அம்மா, இங்கிலீஷ் என்றால் மட்டும் குரல் இறங்கிப்போவாள். அதனால் தினமும் சாயங்காலம் வெங்காயம் அரிந்துகொண்டே என்னிடம் பாடம் கேட்டாள். நான் கையில் ஸ்கேல் வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருப்பேன். திஸ் ஈஸ் ரைஸ். தீஸ் ஆர் எக்ஸ். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் கட்டிலைத் தட்டுவேன்.

"எல்லாத்துக்கும் 'எ'ன்னு சொன்ன, முட்டைக்கு மட்டும் ஏன்டி 'ஆன்'னு வருது?" என்று ஒருநாள் கேட்டாள்.

எனக்குத் தெரியாது. "அது அப்படித்தான்" என்றேன். அம்மா தலையாட்டிக்கொண்டாள். தெரியாது என்று சொல்வதைவிட அது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின சாயங்காலம் அம்மா கொஞ்சம் பதறிப்போய் வந்தாள். வருகிறவர்களில் ஒருவருக்கு வேர்க்கடலை ஆகாதாம். தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டாலும் தொண்டை வீங்கி மூச்சு நின்றுவிடுமாம். மறுநாள் நாலு மணி டிபனுக்கு மூன்று சட்னி வைக்கிறார்கள். எதில் கடலை இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டியது அம்மாவின் பொறுப்பு.

"கடலைக்கு என்ன சொல்லணும் பாப்பா?"

என் புத்தகத்தில் கேரட் இருந்தது, பிரெட் இருந்தது, கடலை இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டினேன். ஒரு மூலையில் உருண்டை உருண்டையாக ஏதோ படம்.

"பீஸ்" என்றேன்.

அம்மா அதை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு, படுக்கிறவரை சொல்லிப் பார்த்தாள். திஸ் ஹாஸ் பீஸ். திஸ் ஹாஸ் பீஸ். ஒவ்வொரு தடவையும் நான் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மிஸ்ஸிடம் ஓடினேன். "மிஸ், பீஸ்னா கடலைதானே மிஸ்?"

மிஸ் சிரித்தார். "பீஸ்னா பட்டாணி. கடலைக்கு கிரவுண்ட்நட்."

டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. வயிறு வலிக்கிறது, அம்மாவிடம் பேச வேண்டும் என்றேன். மிஸ் தன் போனிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போகிறவர்களின் போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

"என்ன விஷயம்னு சொல்லும்மா. கம்பெனி நம்பரைத் தேடி நான் பேசுறேன்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் புளுகினதையும் சொல்ல வேண்டுமே. "ஒண்ணுமில்ல மிஸ்" என்றேன். எனக்கு ஓமத்தண்ணி கிடைத்தது.

அதற்குப் பிறகு கரும்பலகைக்கு மேலிருந்த கடிகாரத்தைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. முள் நாலைத் தொட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் உள்ளே போகாமல் யூனிபார்மோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கன்னடத்தில் ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. ஹைவேயில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அதில் அந்த வெள்ளைக்காரர் இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப்பில் அம்மா.

ஆறரை மணிக்கு அம்மா நடந்தே வந்தாள். ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அந்த ஆளு செத்துட்டாராம்மா?"

"சீ, என்ன பேச்சு இது!" என்றாள். உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் சொன்னாள். அந்த மனிதர் கடலைச் சட்னியைக் காட்டிக் கேட்டிருக்கிறார். அம்மா நான் சொல்லிக்கொடுத்ததையே சொல்லியிருக்கிறாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு இரண்டு கரண்டி போட்டுக்கொண்டாராம்.

"ஆகாதுன்னு தெரிஞ்சவன் அப்படிச் சிரிச்சுக்கிட்டா போட்டுக்குவான்? சொன்னது வேற என்னமோன்னு அப்பத்தான் புரிஞ்சுது. தட்டைப் புடுங்கிட்டேன்."

எல்லோரும் திகைத்து நிற்க, அம்மா சமையல்கட்டுக்கு ஓடி ஒரு பிடி பச்சைக் கடலையை அள்ளி வந்து அவர் முன்னால் கையை விரித்திருக்கிறாள். அவர் முகம் வெளுத்துப்போய், இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"மேனேஜர் என்னம்மா சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு. வந்தவங்க தட்டைப் புடுங்கிட்டேனில்ல. நாளைலேர்ந்து டிகிரி படிச்ச பொண்ணு ஒண்ணு ஹாலைப் பாத்துக்குமாம். எனக்குப் பழைய இடம்தான்."

எனக்கு உயிர் வந்தது. யாரும் சாகவில்லை, அம்மா ஜெயிலுக்குப் போகவில்லை, பழைய இடத்தில் யாரும் இங்கிலீஷில் கேள்வி கேட்கப் போவதில்லை. கட்டில்மேல் ஏறிக் குதித்தேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் அரிந்தாள். கால் கிலோ பீன்ஸுக்கு அன்று வெகுநேரம் ஆனது.

அரிந்து முடித்ததும் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "கடலைக்கு என்னன்னு சரியா எழுதிக் குடு பாப்பா" என்றாள்.

என் அழகான கையெழுத்தில் கிரவுண்ட்நட் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் தெரியாமல்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்று அவள் நம்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.