ஏழு தலைகளும் ஒரு நாற்காலியும்

கதவைத் தட்டிவிட்டு இரண்டடி பின்வாங்கி நிற்கிறார் பியற்றிஸ் அக்கா. வீடு திருத்துகிறவர்கள் வாசலில் வைத்திருக்கும் இரும்புக் குப்பைத்தொட்டியில் ஒரு சைக்கிள் சங்கிலி கிடக்கிறது. அதை எடுக்கலாமா என்று கேட்கத்தான் இந்தத் தட்டல். கதவைத் திறந்த வெள்ளைக்காரர், குப்பைக்கு எதற்கு அனுமதி என்று சிரிக்கிறார். அக்கா சிரிப்பதில்லை. "காட்டில தேன் எடுக்கிறதெண்டாலும் எங்கட ஆக்கள் கேட்டுத்தான் எடுப்பாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சங்கிலியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

ஐம்பத்தாறு வயது. லண்டனில், செவன் கிங்ஸ் பக்கம், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மூன்று மணிக்குப் பிறகு சிற்பி. ஈழத்தின் கிழக்கே, வாகரைப் பக்கத்து வேடுவர் என்ற பழங்குடி வழி வந்தவர். தமிழ்தான் தாய்மொழி. அவர் வீட்டுக் கராஜில் கார் நுழைந்து பதினைந்து வருடமிருக்கும். சாப்பாடு கொண்டு திரிகிற பெடியன்களின் கிழிந்த பைகளால் செய்த ஒரு மனிதன் அங்கே நிற்கிறான். முதுகு உண்டு, தலை இல்லை. ஏன் என்று கேட்டேன். "தலைய ஆரு பாக்கிற?" என்றார்.

அவரை முதன்முதலில் ஒரு பிறந்தநாள் விழாவில் சந்தித்தபோது நானும் கேட்டது எல்லோரும் கேட்பதைத்தான்: ஊரில எவடம், எந்த இடம்? நம்மவர்கள் இதில் விண்ணர்கள். முதலில் ஊர், பிறகு அந்த ஊரில் எந்தப் பக்கம், பிறகு ஆற்றை ஆக்கள், அதாவது யாருடைய உறவுக்காரர். மூன்றாவது கேள்வியில் சாதி கைக்கு வந்துவிடும். பெயரைக் கேட்கத்தான் மறந்துபோவோம். அக்கா "வேடுவர்" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அந்தக் கேள்விதான் அவருடைய புதிய சிற்பம். பெயரும் 'எவடம்?'. வீட்டைச் சூடாக்கும் பழைய றேடியேட்டர்களை நெஞ்சாக வைத்த ஏழு பேர் வரிசையாக இருக்கிறார்கள். தலைக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில், காதுக்குப் புனல், கழுத்துக்கு வக்கூம் கிளீனர் குழாய். வாய்க்கு, கதவுகளில் கடிதம் போடுகிற தகர மூடி, பாதி திறந்தபடி. எல்லாத் தலைகளும் எதிரே இருக்கும் வெறும் நாற்காலியைப் பார்க்கின்றன. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரர்களின் கலைக்கூடங்கள் அக்காவை இரண்டு தடவை அழைத்திருக்கின்றன. நம்மவர் யாரும் அழைத்ததில்லை. "எங்கட சனம் இதில வந்து இருக்கணும். அவங்களுக்குத்தானே செஞ்சன்" என்பார். அதனால் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் தன் கண்காட்சிக்கு இதைக் கேட்டபோது, அந்தக் கிழமை முழுக்கப் பாட்டோடுதான் வேலை செய்தார்.

போன சனிக்கிழமை சங்கச் செயலாளர் பரமேஸ்வரன் அண்ணை கராஜுக்கு வந்தார். நல்ல மனிதர். வயதானவர்களைத் தன் காரிலேயே ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் வருகிறவர். கையில் ஒரு பெயர் மட்டை: 'ஈழத்துத் தமிழ்ப் பெண் சிற்பி'. அக்கா எழுதிக் கொடுத்திருந்தது 'பியற்றிஸ், வேடுவர், வாகரை'.

"வேடர் எண்டு போட்டால் சனம் ஒரு மாதிரியெல்லே பாக்கும், தங்கச்சி. இந்த மட்டையெண்டால் சிலையைக் கொண்டு போகலாம். இல்லாட்டி என்னாலை ஒண்டும் செய்யேலாது."

சொல்லிவிட்டு, கால் கடுத்ததோ என்னவோ, கிட்ட இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சிற்பத்தின் நாற்காலி.

அக்கா ஏழு தலைகளுக்கும் பின்னால் போய் நின்றார். "அண்ணனுக்கு ஊரு எவடம்?"

"வடமராட்சி," என்று சிரித்தார் அவர்.

"அதில எவடம்?"

ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம்?"

சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பது வருடமாக லண்டனில் காண்கிறவர்களையெல்லாம் இதைக் கேட்டவர். தன்னை யாரும் கேட்டுவிடாமல் இருக்கத்தான் இந்த மனிதர் எல்லா மண்டபங்களிலும் முந்திக்கொண்டு கேட்டாரா?

"விடுங்கோ, தங்கச்சி," என்றார் மெதுவாக. மட்டையை இரண்டாக மடித்தார். "நீங்கள் எழுதினதே இருக்கட்டும்."

ஆனால் எழும்பவில்லை, தலை குனிந்தபடியே இருந்தார்.

அக்கா ஏழு தலைகளையும் ஒவ்வொன்றாக இரண்டு கைகளாலும் பிடித்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டார்.