மூத்தவள் பெட்டி

சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், பிசாசு, காற்று, கருப்பு எதையும் நான் நம்பினவள் இல்லை. புதுச்சத்திரத்தில் என் பிறந்த வீட்டுக்குப் பின்னாலேயே சுடுகாடு, அங்கேதான் ஆடு மேய்த்து வளர்ந்தேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

உலகச் சண்டைக்காலம் அது, மண்ணெண்ணெய்க்குக்கூட வரிசையில் நின்ற காலம். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவருக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். மூத்தவள் இரண்டாம் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்திருந்தாள். அவள் மகள் பாவாயிக்கு ஏழு வயது. ஒளிப்பானேன், புருஷனைப் பிடிப்பதற்கு முன்பே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. அவளோ சின்னம்மா என்று கூப்பிடுவாள், சொன்னதைக் கேட்பாள், பக்கத்தில் மட்டும் வரமாட்டாள்.

உள்ளறையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. சுமங்கலியாகப் போனவளுக்குச் சேலை வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம், மூத்தவளின் சேலை அதற்குள் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள், அவள் திதியன்று மட்டும் திறப்பார்கள்; நான் வந்த பிறகு அந்த நாள் இன்னும் வரவில்லை. சாவி எங்களிடம் இல்லை. மல்லசமுத்திரத்தில் இருந்த அவள் அண்ணன் ராசண்ணன் அதைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். என் கல்யாணத்துக்குச் சம்மதிக்கும்போதே, தான் இல்லாமல் யாராவது பெட்டியைத் திறந்தால் பாவாயியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார்.

திறக்காதே என்றால் சும்மா இருக்க முடியுமா? கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் பெட்டியை நகர்த்திப் பார்ப்பேன், சாவித் துவாரத்தில் மூக்கை வைப்பேன், மஞ்சள் வாசம் வரும். சேலை என்ன நிறம் என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "உனக்கெதுக்கு அந்தப் பேச்சு?" என்று எழுந்து போய்விடுவார். சிவப்போ, பச்சையோ என்று அடுப்பு ஊதும்போதுகூட யோசித்துக்கொண்டிருப்பேன். பொறாமை இல்லை, வெறும் ஆவல்தான், நம்பினால் நம்புங்கள்.

ஐப்பசி மழையில் பாவாயிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பல்லெல்லாம் அடித்துக்கொள்ள நடுங்கினாள், கம்பளியைப் போர்த்தியும் அடங்கவில்லை. வீட்டுக்காரர் வைத்தியரைக் கூட்டிவரப் போயிருந்தார், வீட்டில் நாங்கள் இருவர்தான். கஷாயம் வைக்க அடுப்படிக்குப் போனேன்.

இறக்கிக்கொண்டு வந்து பார்க்கிறேன், பிள்ளை நடுக்கமில்லாமல் தூங்குகிறாள். கம்பளி கீழே கிடக்கிறது. அவள் மேல் கழுத்துவரை ஒரு சேலை. நான் பார்த்தே இராத சேலை, ஆனால் அந்த மஞ்சள் வாசம் எனக்குத் தெரியும். உள்ளறைக்கு ஓடினேன். பெட்டி பூட்டினபடியே இருந்தது, இழுத்துப் பார்த்தேன், பூட்டு அசையவில்லை. உங்களிடம் சொன்னால் என்ன, பயத்துக்கு முன்னால், 'அட, கத்தரிப்பூ நிறமா!' என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ராசண்ணன் வந்தார். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மழையோடு வந்தவர், தலையைத் துவட்டிக்கொண்டே கட்டிலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனம்மிணி, பெட்டியத் தொறந்துட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா. பூட்டுனது பூட்டுனபடியே இருக்குதுங்க."

"எந்தங்கச்சி சேல எனக்குத் தெரியாதா? கள்ளச்சாவி போட்டிருக்கறீங்க. புள்ளைய நாங் கூட்டிக்கிட்டுப் போறேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அதுக்கு முன்னால ஒருக்காத் தொறந்து பாத்துருங்கண்ணா," என்றேன்.

பூட்டு துருவேறிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகித்தான் திறந்தார். பெட்டி காலியாக இல்லை. உள்ளே ஒரு சிவப்புச் சேலை மடித்திருந்தது. அது என் கூறைச்சேலை, கல்யாணத்தன்று கட்டியது. ஓடிப்போய் என் பெட்டியைத் திறந்தேன், அதில் அது இல்லை. திரும்பி வந்தால், ராசண்ணன் சேலையைத் தொட்ட கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நானும் தொட்டேன். அப்போதுதான் யாரோ கட்டி அவிழ்த்ததுபோல் அதில் உடம்புச் சூடு இருந்தது.

சத்தம் கேட்டுப் பாவாயி எழுந்து வந்துவிட்டாள்.

"சின்னம்மாவ எதுக்கு மாமா சத்தம் போடறீங்க? அந்தச் செவப்புச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து எனக்குப் போத்தியுட்டதே அவங்கதான்."

"உங்கம்மாவா இருக்கும் சாமி. மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேனுங்க மாமா. அம்மாளத் தெரியாதா எனக்கு? இவங்கதான்."

ராசண்ணன் அரைஞாண் கயிற்றைத் தடவினார். சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்கங்க அம்மிணி," என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

நான் அடுப்படியை விட்டு நகரவே இல்லை. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். பாவாயி இப்போது பேரன் எடுத்துவிட்டாள், இன்றைக்குக் கேட்டாலும் அது நீங்கதான் என்கிறாள்.

அன்று சாயங்காலமே என் மடியில் வந்து படுத்துக்கொண்டு முதல்முறையாக அம்மா என்றாள். எத்தனை ஏங்கியிருப்பேன் அந்த ஒரு சொல்லுக்கு! ஆனாலும் அவள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், இன்றுவரைக்கும், எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் "என்ன சாமி?" என்கிறேன்.