பெயரும் படமும்

வளைகுடாவில், ராஸ் அல் கைமா ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை பார்த்த சிவகொழுந்து, ஐந்து மாதக் கர்ப்பத்தைச் சீருடைக்குள் மறைத்து வைத்திருந்தாள். தெரிந்தால் விசா போய்விடும். அங்கேயே வயிற்றுப் பிள்ளைகளின் அசைவுகளை ஸ்கேனில் ஆராய்ந்துவந்த டொக்டர் மகேசன் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆருக்கும் சொல்லமாட்டன், தங்கச்சி. கிழமைக்கு ஒருக்கா வந்து ஸ்கேனுக்குப் படுத்தால் போதும்."

திரையில் பிள்ளை விரல் சூப்பியது, கொட்டாவி விட்டது.

"தேப்பன் மாதிரியே சோம்பேறி!" என்று அவள் சிரித்தாள்.

அடுத்த மாதம் டொக்டர் புது மெஷின் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதினார். ஆதாரமாக அவளுடைய ஸ்கேன் படத்தையும் பெயரையும் இணைத்தார். மறுநாளே விசா ரத்தானது.

"பேரையாவது மாத்தியிருக்கலாமே, டொக்டர்?"

"ஆராய்ச்சியில பொய் எழுதக்கூடாதெல்லோ, தங்கச்சி," என்றார் அவர். "இன்னும் நாலு கிழமை நிண்டிருந்தால் பிள்ளையின்ர விக்கலையும் பதிஞ்சிருக்கலாம்."