டு அக்கா இடம் மாற்றிய சொல்

குடிநீர் வாரிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவே டு அக்காவின் மேசை இருந்தது. வாரியத்தின் ஆங்கில அறிக்கை எதுவானாலும் அவருடைய சிவப்புப் பேனாவிடம் தலையைக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குப் போகும். இருபத்தேழு வருடமாக இதுதான் நடைமுறை.

பட்டப்பெயர் வந்த கதை சின்னது. 'திறக்க', 'மூட' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதை ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் 'டு' போட்டு இரண்டு சொல்லாகச் சொல்வார்கள். அந்த 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் 'உடனே', 'மெதுவாக', 'முழுவதும்' மாதிரி எதுவும் நுழையக்கூடாது என்பது பழைய இலக்கணக்காரர்கள் சிலர் போட்ட கட்டளை. இப்போதைய புத்தகங்கள் நுழைந்தால் பரவாயில்லை என்கின்றன. அக்கா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கட்டுரைப் போட்டியில் இந்த ஒரு பிழைக்காக முதல் பரிசு கைநழுவிப்போன ஆத்திரம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. நடுவில் மாட்டிய சொல்லைக் கண்டால் வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, முன்னாலோ பின்னாலோ தள்ளிவிடுவார்.

அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். ஆங்கிலம் அவருக்குப் பெயர்ப் பலகை அளவுக்குத்தான். இருந்தாலும் மச்சினனுக்கு விளக்கம் சொன்னவர் அவர்தான். "பஸ்ல புருஷன் பொண்டாட்டி உக்காந்திருக்கிற சீட்டுல நடுவுல ஒருத்தன் வந்து இடிச்சிக்கிட்டு உக்காந்தா எப்படி இருக்கும்? உங்க அக்காவுக்கு அதான் பத்திக்கிட்டு வருது."

ஒரு நாள் கீழ்த்தெருவில் பெரிய குழாய் ஒன்று வெடித்தது. வால்வை மூடப் போன ஆபரேட்டர் சக்கரத்தைச் சுற்றினார். இருபத்திரண்டு சுற்று சுற்றினால் முழுதாக மூடும். பத்தொன்பதாவது சுற்றில் சக்கரம் இறுகிக்கொண்டது. மீதி இடைவெளியில் பாய்ந்த தண்ணீர் ஒரு சலவைக் கடைக்குள் முழங்கால் உயரம் நின்றது. நடந்ததை விசாரித்த பெண் இன்ஜினியர் அறிக்கையில் சரியாகவே எழுதினார்: ஆபரேட்டர் 'ஃபெயில்ட் டு கம்ப்ளீட்லி க்ளோஸ்'. அதாவது, மூடினார், ஆனால் முழுவதும் மூடவில்லை.

'டு'வுக்கும் 'க்ளோஸு'க்கும் நடுவில் 'கம்ப்ளீட்லி' உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அக்காவின் பேனா தானாக எழுந்தது. வட்டம், அம்புக்குறி. 'ஃபெயில்ட் கம்ப்ளீட்லி டு க்ளோஸ்' என்று ஆனது. அறிக்கை அன்றே அச்சுக்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அக்காவின் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் அறிக்கையின் பிரதி.

"மேடம், இங்கிலீஷைத் திருத்துறது நீங்கதான்னு சொன்னாங்க."

"ஆமா, உக்காருங்க. என்ன விஷயம்?"

"நான்தான் அந்த வால்வு ஆபரேட்டர். நான் மூடவே இல்லன்னு இதுல போட்டிருக்குதாம். எம்பொண்ணு படிச்சுச் சொன்னா. விசாரணைக் கமிட்டியும் அதையே பிடிச்சுக்கிட்டு என்னைக் கிடங்கு வாசல்ல காவலுக்கு உக்கார வெச்சிட்டாங்க. அடுத்து வேலையே போயிடும்ங்கிறாங்க. நான் பத்தொம்பது சுத்து சுத்தினேன் மேடம். உள்ளங்கை தோலு உரிஞ்சு போச்சு."

"நான் அர்த்தத்துல கை வைக்க மாட்டேங்க. வார்த்தையோட இடத்தைத்தான் மாத்துவேன்" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே இன்ஜினியரின் மூலப் பிரதியைத் தேடி எடுத்து, அச்சான பக்கத்துக்கு அருகில் வைத்தார். இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். முதல் வாக்கியத்தில் 'முழுவதும்' மூடுவதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் தவறியதோடு போய் ஒட்டிக்கொண்டது. முழுவதும் மூடத் தவறியவர், மூடுவதற்கு முழுவதும் தவறியவர் ஆகிவிட்டார்.

அக்காவுக்குக் காது சூடாகிவிட்டது.

"உங்க பொண்ணு சரியாத்தான் படிச்சிருக்கா. தப்பு என்னுதுங்க" என்றார்.

ஆபரேட்டர் சண்டைக்குத் தயாராக வந்தவர். இந்தப் பதிலைக் கேட்டு அறிக்கையை நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார்.

அக்கா நேராக இன்ஜினியரிடம் போனார். "நீங்க திருத்தினது சரியாத்தான் இருக்கும்னு நான் திரும்பப் பாக்கல மேடம்" என்றார் அந்தப் பெண், முகம் வெளுத்துப்போய். அங்கிருந்து இருவரும் தலைமை அதிகாரியின் அறைக்குப் போனார்கள்.

"ஒரு வார்த்தை ரெண்டு அங்குலம் தள்ளிப் போனதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் அதிகாரி.

"தள்ளினது நான் சார். அதுல ஒரு மனுஷன் கிடங்கு வாசல் வரைக்கும் போயிட்டாரு."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எழுதிக் குடுங்க."

அக்கா உட்கார்ந்து கமிட்டிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. மூல வாக்கியம் சரி, என் திருத்தம் தவறு, அதனால் பொருள் மாறிவிட்டது என்று எழுதினார். மூல வாக்கியத்தைத் தன் கையாலேயே, 'டு'வுக்கு அடுத்து 'கம்ப்ளீட்லி' போட்டு எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிவிட்டது. கீழே கையெழுத்துப் போட்டார்.

கமிட்டி ஆட்கள் வால்வு அறைக்கே போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். வாட்டசாட்டமான ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியும் பத்தொன்பதைத் தாண்டவில்லை. உள்ளே தண்டு துருவேறிக் கிடந்தது. மறு வாரமே ஆபரேட்டர் பழைய வேலைக்குத் திரும்பினார். அக்காவின் பணிப் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. "வாங்க வேண்டியதுதான்" என்று கேண்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி அவரே சொன்னார். யாரும் கிண்டல் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துச் செய்தார்கள்.

அச்சான அறுபது பிரதிகளையும் திரும்பப் பெற்று, திருத்திய வரியை அந்தந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க அக்காவுக்கு மனமில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அறுபதையும் அடுக்கினார். கணவர் பசை தடவினார், அக்கா ஒட்டினார்.

"இதுல என்னதான் மாறியிருக்கு? ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது."

"எனக்கும் அப்படித்தாங்க தெரிஞ்சுது."

கணவர் அடுத்த துண்டை எடுத்து, பசையை ஓரம் வரை இழுத்துத் தடவி நீட்டினார்.