சிவப்புப் பூசிய கற்கள்

ஆமை மாதிரி ஒரு பாறை இருக்கிறதென்று, கனடாவிலிருந்து வந்த தங்கச்சி என்னை வவுனியாக் காட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"கல்லுப் பாக்கவோடி இவ்வளவு தூரம் பறந்து வந்தனி?" என்று சீண்டிக்கொண்டே நடந்தேன். பாதையோரக் கற்களில் சிவப்புப் பூச்சைக் கண்டதும் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"அசையாதை! மிதிவெடி!"

போருக்குப் பிறகு எங்கள் ஊரில் வெடி கிடக்கும் இடத்துக்குச் சிவப்புத்தான் அடையாளம். இருவரும் பாறைகளோடு பாறையாக நின்றோம். பாதையின் மேட்டிலிருந்து ஒரு இளம்பெண் பாடிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"பிள்ளை, நில்லு! சிவப்புக் கல்லு!"

"அது ஆமைப் பாறைக்கு வழி தெரியட்டும் எண்டு நாங்கள் பூசினது, அம்மா."

"வேற நிறம் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?" என்று சிரித்தேன். ஆனாலும் அந்தப் பெண் இறங்கி வந்த செருப்புத் தடங்களிலேயே மிதித்து ஏறினேன், இறங்கினேன்.

"ஆமைப் பாறை பாக்க வடிவோ?" என்று வீட்டில் கேட்டார்கள்.

"ஓம், நல்ல வடிவு" என்றேன். நான் நிலத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.